போணி செய்த கை

எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியில், அம்மாவின் பாத்திரங்களுக்கு நடுவே, எங்களுடையது அல்லாத ஒரு எவர்சில்வர் டப்பா இருக்கிறது. பெரிய டப்பா இல்லை, ஒருவர் சாப்பாட்டுக்கான அளவு. அடியில் லேசாக ஒடுங்கியிருக்கும். மூடியின் மேல் புள்ளி புள்ளியாக ஒரு பெயர் வெட்டியிருக்கிறது. கல்யாணச் சீராக வந்த பாத்திரமாக இருக்க வேண்டும், பெயருக்குப் பக்கத்தில் கோணலாக ஒரு பூவும் உண்டு. அந்தப் பெயரை இங்கே எழுத எனக்கு யோக்கியதை இல்லை. கடையில் நாங்கள் எல்லோரும் அவரை மடிப்பக்கா என்றுதான் கூப்பிட்டோம். நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத் தருவாள். அக்காவின் டப்பாவில் என்ன போட்டுத் தருவது என்று யோசித்தே நான் முதலில் சில மாதங்களை ஓட்டினேன். அப்புறம் அந்த மத்தியானம் வந்தது. அதற்குப் பிறகு எதைப் போட்டுக் கொண்டுபோவது, எந்த முகத்தோடு போவது?

காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வேலை என்றால், புடவையை விரித்துக் காட்டுகிறவர்களை மட்டும்தான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். ஒரு கல்யாணக் குடும்பம் மெத்தையில் வந்து உட்கார்ந்தால் நாற்பது புடவை பிரியும். எடுப்பது நாலோ ஐந்தோ. பிரிந்து கிடக்கும் மீதியை யார் மடிப்பது? அதற்குத்தான் அக்கா. கரையோடு கரை சேர வேண்டும், முந்தி வெளியே தெரிய வேண்டும், ஜரிகை ஒடியக் கூடாது. பழைய மடிப்பின் தடத்திலேயே மறுபடியும் விழக் கூடாது, விழுந்தால் நாளடைவில் அந்த இடத்தில் பட்டு விட்டுப்போகும். அக்கா உள்ளங்கையைப் புடவையில் வைக்கவே மாட்டார். விரல் நுனியாலேயே தட்டித் தட்டி, நான் ஒரு புடவையோடு மல்லுக்கு நிற்கும் நேரத்தில் நாலு புடவையை அடுக்கிவிடுவார்.

அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. போணி. காலையில் கடை திறந்து சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டியதும், எங்கள் சேல்ஸ் அண்ணன் அக்காவுக்கு முன்னால் இரண்டு கையையும் நீட்டுவார். இருபது வருஷமாக அந்த மெத்தையிலேயே உட்கார்ந்து பழுத்த மனிதர். அக்கா அடுக்கிலிருந்து ஒரு புடவையை உருவி அவர் கையில் வைக்க வேண்டும். அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் மெத்தையில் விரிப்பார். அக்கா லீவு போட்ட நாளில், "கைராசிக்காரம்மா வரல, இன்னிக்கு ஈ ஓட்டிக்கினு உக்கார வேண்டியதுதான்" என்று கடை முழுக்கக் கேட்கும்படி புலம்புவார். ஆசாரமான வீட்டுப் பெண்கள் புடவையைத் தொட்டுப் பார்த்துத் தயங்கினால், "பட்டுக்குத் தீட்டே கிடையாதும்மா, யாரு கை பட்டாலும் சுத்தம்தான்" என்பார். இந்த வசனத்தை அவர் சொல்லும்போதெல்லாம் நாலடி தள்ளி அக்கா குனிந்த தலை நிமிராமல் மடித்துக்கொண்டிருப்பார்.

மத்தியானச் சாப்பாடு மாடியில், ஸ்டாக் ரூமுக்குப் பக்கத்து அறையில், பாய் விரித்து. எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. டப்பாவைத் திறந்ததும் ஆளாளுக்குத் தன் குழம்பிலோ பொரியலிலோ கொஞ்சத்தை மூடியில் போட்டு நடுவில் தள்ளிவிட வேண்டும். ஐந்தாறு மூடிகள் நடுவில் சேரும். யாரும் எதிலிருந்தும் எடுக்கலாம். வீட்டில் எச்சில், பத்து என்று ஆயிரம் பார்க்கும் எங்கள் கேஷ் மேடமே, அண்ணன் மூடியில் கையை விட்டு வறுவல் எடுத்துக்கொள்வார். யார் வீட்டில் உப்பு தூக்கல், யார் வீட்டில் மாமியார் ஊருக்குப் போயிருக்கிறார் என்பதெல்லாம் மூடியைப் பார்த்தே தெரிந்துவிடும். சும்மா சொல்லக் கூடாது, நாளிலேயே சந்தோஷமான அரைமணி நேரம் அதுதான்.

அக்காவின் மூடி மட்டும் நடுவுக்கு வராது. ஜன்னல் ஓரமாகத் தனியே உட்கார்ந்து தெருவைப் பார்த்தபடி சாப்பிடுவார். "எனக்குக் காத்து வேணும்மா" என்பார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவரும் நடுவில் வைத்தாராம். ஒருவருக்கு அன்று சனிக்கிழமை, ஒருவருக்குப் புளிப்பு ஒத்துக்கொள்ளாது, ஒருவருக்கு வயிறு சரியில்லை. வைத்தது வைத்தபடியே ஆறித் திரும்பியிருக்கிறது. யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. பேச வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. சேர்ந்த அன்று "எந்த ஊரும்மா, எந்தத் தெரு?" என்று கேட்டதற்கு அக்கா, "கூரம் பக்கம், காலனிங்க" என்று பளிச்சென்று சொல்லியிருந்தார்.

அதற்கு அடுத்த வருஷம் நான் சேர்ந்தேன். என்னிடமும் அதே கேள்விதான். என் அப்பாவுக்கும் அதே காலனிதான் ஊர். தபால் வேலை கிடைத்ததும் டவுனுக்குக் குடிவந்து, பிள்ளையார்பாளையத்தில் தறி போட்டிருந்த ஒருவரின் வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் "பிள்ளையார்பாளையம்" என்றேன். "அட, தறிக்காரங்களா?" என்றார் அண்ணன். நான் சிரித்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. அந்த வீட்டைப் பிடிக்கும்போது அப்பாவும் வீட்டுக்காரரிடம் இப்படித்தான் சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன். பொய் சொல்லவில்லை, பொய் சொல்லவில்லை என்று எனக்கே பல தடவை சொல்லிக்கொண்டேன். அன்று மத்தியானம் என் மூடி நேராக நடுவில் போய் உட்கார்ந்தது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் அக்கா கையைக் கழுவிக்கொண்டு அறைக்குள் வந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "ஏ, நீ போஸ்ட்மேன் மாமா பொண்ணு" என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்தார். என்ன பார்த்தாரோ தெரியாது. ஒரு மூச்சு நேரம் நிறுத்திவிட்டு, "மாதிரியே இருக்கறம்மா. நான் வேற யாரோன்னு நெனச்சிட்டேன்" என்று முடித்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய்விட்டார். நாலு வருஷம் அந்தப் பேச்சை அவர் மாற்றவே இல்லை. புடவை அடுக்குகளுக்குப் பின்னால் யாரும் இல்லாதபோது மட்டும், "மாமா நல்லா இருக்காரா? அத்தைக்கு முட்டி வலி எப்படி இருக்குது?" என்று தணிந்த குரலில் கேட்பார். யாராவது வரும் சத்தம் கேட்டால் முதலில் விலகிப் போகிறவரும் அவர்தான். ஒளிய வேண்டியவள் நான், எனக்காக ஒளிந்தவர் அவர். அதையும் சௌகரியமாக வாங்கிக்கொண்டேன்.

அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம், நான் ராத்திரி அங்கே படுத்து, காலையில் அப்படியே கடைக்கு வந்துகொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலையில் அக்கா என்னை அடுக்குகளுக்குப் பின்னால் இழுத்து இந்த டப்பாவைக் கையில் வைத்தார். "அத்தைய பத்திக் கேள்விப்பட்டேன். நீ இன்னா சாப்புட்றியோ, எப்டி நிக்கிறியோன்னு மனசே கேக்கல. பசியோட நிக்காத." மேல் தட்டில் சோறு, கீழே மொச்சைக்கொட்டை போட்ட கத்தரிக்காய்க் காரக்குழம்பு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? குழம்பைக் கடையில் வைத்திருந்த என் டப்பாவுக்கு மாற்றிவிட்டு, பெயர் வெட்டிய டப்பாவைப் பைக்குள் புதைத்தேன். மத்தியானம் அதை மூடியில் ஊற்றி நடுவில் வைத்தேன். ஐந்து நிமிஷத்தில் காலி. அண்ணன் விரலால் மூடியை வழித்து நாக்கில் வைத்துக்கொண்டு, "தறிக்காரங்க வீட்டுக் குழம்புன்னா குழம்புதான்பா. இந்தக் கைப்பக்குவம் வேற யாருக்கு வரும்?" என்றார். கேஷ் மேடம் பக்குவம் கேட்டார். நான் வாயில் வந்ததைச் சொன்னேன். ஜன்னல் ஓரத்தில் அக்காவின் தோள் லேசாகக் குலுங்கியது. சிரித்தார் என்றுதான் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

இவ்வளவும் சொன்னால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானத்தைச் சொல்ல முடியும்.

முதலாளியின் மகனைச் சின்னவர் என்போம். வெளியூரில் படித்துவிட்டு வந்து கடையைக் கையில் எடுத்த புதிது. முகூர்த்த சீசன் முடிந்ததும் எல்லோருக்கும் ட்ரீட் என்று சொல்லி, ஏனாத்தூர் ரோட்டில் புதிதாகத் திறந்திருந்த ஒரு ரெஸ்டாரண்டுக்கு வேன் வைத்துக் கூட்டிப்போனார். காலேஜ் பிள்ளைகள் வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும் இடம். ஒரு பழைய வீட்டின் சுண்ணாம்பைச் சுரண்டிச் செங்கல் தெரிய விட்டிருந்தார்கள். தறியின் கட்டைகளைச் சுவரில் மாட்டி விளக்குப் போட்டிருந்தார்கள். மேசைக் கண்ணாடிக்கு அடியில் கலர் கலராகப் பாவு நூல் ஓடியது. "எங்க வூட்ல இந்தக் கட்டைய எங்க போடறதுன்னு இடம் தேடிக்கினு இருக்கேன், இவன் லைட்டு போட்டு வெச்சிருக்கான் பாரு" என்றார் அண்ணன். எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தார்.

அவர் அன்றைக்கு மாம்பழக் கலரில் புடவை கட்டி, தலை நிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்திருந்தார். எங்களோடு ஒரே மேசையில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அங்கே ஜன்னல் ஓரம் என்று தனி இடம் கிடையாது, எல்லோருக்கும் ஒரே நீள மேசை. எனக்கு நேர் எதிரில் உட்கார்ந்தார். சந்தோஷமாக இருந்தார், அதைச் சொல்லியே ஆக வேண்டும். மெனு அட்டையை விரல் நுனியில் பிடித்து ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படித்து, "இது இன்னாம்மா, இட்லிக்கு இவ்ளோ நீளப் பேரு" என்று என்னிடம் கேட்டார். கடையில் நாலு பேருக்கு முன்னால் அவர் என்னிடம் இவ்வளவு உரிமையோடு பேசியதே இல்லை. யாராவது கவனிக்கிறார்களா என்று பக்கத்தில் பார்த்துக்கொண்டேன்.

பரிமாற வந்த பெண் கைகட்டி நின்று சொன்னாள்: "எல்லாமே ஸ்மால் பிளேட்ஸ் மேம். நடுவுல வெச்சு எல்லாரும் ஷேர் பண்ணிச் சாப்பிடணும். ஸ்பூன் கிடையாது. கையால சாப்பிடறதுதான் எங்க கான்செப்ட்." கேஷ் மேடம் அண்ணனைப் பார்த்தார்.

முதல் தட்டு வந்தது. தறியில் ஊடைநூலோடு குறுக்கே ஓடும் படகு போன்ற நாடா இருக்கிறதே, அந்த வடிவத்தில் குடைந்த மரத்தட்டு. கோயில் இட்லியைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி நெய்யில் முறுக வறுத்து, மிளகும் சுக்கும் தூவியிருந்தார்கள். ஆளுக்கு ஒன்று என்று எண்ணி வைத்த மாதிரி ஏழே துண்டுகள். சின்னவருக்குப் போன் அடித்தது. எழுந்துகொண்டே, "அக்கா, கடையில போணி உங்க கைதானே? இங்கயும் நீங்களே போணி பண்ணுங்க. நான் இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போனார். நல்ல மனதோடுதான் சொன்னார், அவர்மேல் குற்றம் இல்லை. அக்காவுக்கு வெட்கமாகிவிட்டது. "நானா தம்பி?" என்று எங்கள் எல்லோரையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு அடுக்குக் கலையாமல் ஒரு புடவையை உருவுவாரே, அப்படி, மற்றதில் விரல் படாமல் ஓரத்துத் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "ஜோரா இருக்குதுப்பா. எடுத்துக்குங்க" என்று தட்டை நடுவில் தள்ளினார்.

யாரும் எடுக்கவில்லை. கேஷ் மேடம் கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார். அண்ணன் தண்ணீர் குடித்தார். எங்கள் கடைக் கவுண்ட்டரில் நிற்கும் பெண்கள் இரண்டு பேரும் சுவரில் மாட்டியிருந்த தறிக்கட்டையை அதிசயமாகப் பார்த்தார்கள். ஆறு துண்டு இட்லி நெய் மினுங்க நடுவில் இருந்தது.

இரண்டாவது தட்டில், சுட்ட கத்தரிக்காயை மசித்துக் குட்டி அப்பளங்களின் மேல் வைத்திருந்தார்கள். பரிமாறும் பெண் அதை மேசையில் வைப்பதற்குள் அண்ணன் கைநீட்டி வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டு, "ஆளுக்கொண்ணு எடுத்துக்குங்கப்பா" என்றார். உடனே எல்லோருக்கும் பசி வந்துவிட்டது. கேஷ் மேடம் எடுத்தார், அந்தப் பெண்கள் எடுத்தார்கள், நானும் எடுத்தேன். எல்லோரும் எடுத்து முடித்த பிறகு அண்ணன் தட்டை அக்கா பக்கம் நகர்த்தினார். அக்கா அந்தத் தட்டைப் பார்த்தார். அதன் பக்கத்தில் இன்னும் ஆறு துண்டோடு இருந்த இட்லித் தட்டைப் பார்த்தார். அவருக்குப் புரிந்தது எனக்குத் தெரிந்தது.

பிறகு என்னைப் பார்த்தார். கெஞ்சிப் பார்க்கவில்லை. இட்லித் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். என் கைக்கும் தட்டுக்கும் ஒரு சாண் தூரம். எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். கேஷ் மேடம் ஒரு நொடி என்னை ஏற இறங்கப் பார்த்திருப்பார். இவளுக்கு என்ன வந்தது, இவள் உண்மையில் எந்தத் தெரு என்று ஒரு சந்தேகம் விழுந்திருக்கும். அந்தச் சந்தேகத்துக்குப் பயந்தேன். அடுத்த வாரமே ஜன்னல் ஓரத்தில் அக்காவுக்குப் பக்கத்தில் எனக்கும் காற்று தேவைப்படும் என்று பயந்தேன். என் கை மேசையிலிருந்து எழுந்தது, நன்றாக ஞாபகம் இருக்கிறது. எழுந்து போய்த் தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வரும். மூன்றாவது தட்டு வந்ததும் அக்கா, "இங்க குடும்மா, போணி பண்ற கை என்னுது" என்று அந்தப் பெண்ணிடமிருந்து வாங்கினார். வாழைப்பூ வடை. ஒன்றை எடுத்துக் கடித்து, ருசித்து, "சோம்பு கொஞ்சம் தூக்கல்" என்று சொல்லிவிட்டு நடுவில் வைத்தார். நாலாவது தட்டில் பொங்கல் உருண்டை. வாங்கினார், ஒன்றை எடுத்தார், நடுவில் வைத்தார். ஐந்தாவது, ஆறாவது, எட்டாவது. அவசரமே இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்த்தை பாராட்டு வேறு. ட்ரீட் என்று காலையில் எல்லோரும் அரை வயிறாக வந்திருந்தோம். மேசை கொள்ளாமல் தட்டுகள், அப்பளத் தட்டைத் தவிர எல்லாவற்றிலும் ஒரே ஒரு துண்டு குறைவு. நெய் வாசனை மூக்கைத் துளைக்கிறது, ஒருத்தருக்கும் கை நீளவில்லை. அண்ணனின் முகம் வெந்துபோயிருந்தது. கேஷ் மேடம் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "தனித்தனியா பிளேட் வராதாம்மா?" என்று கேட்டார். "சாரி மேம், ஷேர் பண்றதுதான் கான்செப்ட்" என்றாள் அவள், பாவம்.

சின்னவர் வந்தார். மேசையைப் பார்த்துத் திகைத்து, "என்ன இது, யாருமே சாப்பிடல? பிடிக்கலையா?" என்றார். "நமக்கு இதெல்லாம் செட்டாவாது தம்பி. சோறுதான் சரி" என்றார் அண்ணன். "எனக்கு இன்னிக்கு விரதம், மறந்தே போயிட்டேன்" என்றார் கேஷ் மேடம், வாயோரம் ஒட்டியிருந்த கத்தரிக்காயோடு. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு, "ரொம்ப நல்லா இருக்குது தம்பி. ஒண்ணத் தவிர எல்லாத்துலயும் போணி பண்ணிட்டேன். வியாபாரந்தான் ஆவல" என்றார்.

சின்னவர் சிரித்தார். அவருக்கு அது தமாஷ். அக்கா முதலில் வந்த அந்த இட்லித் தட்டை எடுத்து மேசைக்குக் குறுக்கே என் முன்னால் நீட்டினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நீயாவது எடுத்துக்கோம்மா" என்றார். என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? ஒரு துண்டை எடுத்திருக்கலாம். அவர் வீட்டுக் குழம்பைத்தான் என் மூடியிலிருந்து இந்த மேசையே நக்கியது என்று சொல்லியிருக்கலாம். அவரும் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம் போதும், நான் முடிந்தேன். அவர் சொல்லவில்லை. தட்டை நீட்டியபடி காத்திருந்தார். நான் சொன்னேன்: "வேணாங்க்கா. வயிறு நெறஞ்சிடுச்சு."

"எதுல நெறஞ்சுது?" என்று சின்னவர் கேட்டார்.

மிச்சத்தையெல்லாம் அக்கா பார்சல் கட்டச் சொன்னார். வேன் பஸ் ஸ்டாண்டு வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு, "வரேன்பா" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லி இறங்கினார். சின்னவர் கடைப்பக்கம் இறங்கிக்கொண்டார். அண்ணன் எங்கள் எல்லோரையும் ஒரு மெஸ்ஸுக்குக் கூட்டிப்போனார். வாழை இலையில் சோறு. "என்னா திமிரு பாத்தியா?" என்று அவர் ஆரம்பித்ததும், ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன். இரண்டு தடவை சாம்பார் வாங்கிச் சாப்பிட்டேன். நான் செய்த எல்லாவற்றையும்விட அந்த இரண்டாவது சாம்பாரை நினைத்தால்தான் எனக்கு என்மேல் காறித் துப்ப வேண்டும்போல் இருக்கிறது.

மறுநாள் காலை கற்பூரம் காட்டியதும் அண்ணன் வழக்கம்போல இரண்டு கையையும் நீட்டினார். கொஞ்சங்கூடக் கூச்சம் இல்லாமல் நீட்டினார். அக்கா ஒரு அரக்குப் புடவையை உருவி அவர் கையில் வைக்காமல் மெத்தையில் வைத்தார். "கையில குடும்மா" என்றார் அண்ணன். "வாணாங்கண்ணா, கை பட்டுடும்" என்றார் அக்கா. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் மெத்தையில்தான் வைத்தார். அடுக்குகளுக்குப் பின்னால் என்னை எதிர்கொண்டால் வழிவிட்டு நிற்பார். அப்பாவைப் பற்றியோ அம்மாவைப் பற்றியோ கேட்பதை நிறுத்திவிட்டார். இரண்டு மாதத்தில் வேலையை விட்டுப் போனார். சின்னவர் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டும் வரவில்லை.

இப்போது கல்யாணப் பெண்கள் புடவைக்கு முன்கூட்டியே மடிப்பு வைத்துத் தேய்த்துப் பெட்டியில் வாங்கிக்கொள்கிறார்களே, அந்த வேலையை அக்கா தன் வீட்டிலேயே செய்கிறார். சென்னையிலிருந்தெல்லாம் புடவை வருகிறதாம். எங்கள் கடைக்கு வரும் பெண்களே அவரிடம்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். நான் அதே கடையில்தான் இருக்கிறேன். ஜன்னல் ஓரத்தில் இப்போது அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருக்கிறார்கள். என் மூடி இன்னும் நடுவில்தான் இருக்கிறது.

இந்தத் தை மாதம் அம்மா போய்விட்டாள். காரியங்கள் முடிந்து பாத்திரங்களை ஒழித்து வைக்கும்போது டப்பா கையில் வந்தது. எத்தனையோ தடவை பார்த்த டப்பாதான். அன்றைக்கு அதைத் திரும்ப உள்ளே வைக்க முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மொச்சைக்கொட்டை வாங்கி, கத்தரிக்காய் போட்டு, எனக்குத் தெரிந்த பக்குவத்தில் காரக்குழம்பு வைத்து, அதில் ஊற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். என்னென்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

"வாம்மா, வா" என்றார் அக்கா. எதுவும் நடக்காத மாதிரி. நாற்காலி போட்டார், சொம்பில் தண்ணீர் கொடுத்தார். அம்மா போன செய்தியைக் கேட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தைய பாக்க வரணும்னு நெனச்சிக்கினே இருந்தேன்" என்று கண் கலங்கினார். அந்தக் கையின் சூடு போவதற்குள் டப்பாவை எடுத்து நீட்டினேன். மூடியில் இருந்த பெயரைத் தடவிப் பார்த்து, "இது உங்கிட்டயா இருக்குது? நான் பஸ்ல வுட்டுட்டேன்னு நெனச்சேன்" என்று, தன் கையால் கொடுத்ததையே மறந்த மாதிரி சிரித்தார். மூடியைத் திறந்தார். மொச்சை வாசனை எழுந்தது. குழம்பையே கொஞ்ச நேரம் பார்த்தார். "சாப்புடுங்க்கா. நான் வெச்சது" என்றேன். மற்றதையெல்லாம் அதற்கு அப்புறம் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன்.

அக்கா மூடியை விரல் நுனியால் அழுத்தி மூடினார். "வாணாம்மா" என்றார். "வயிறு நெறஞ்சிடுச்சு."

உள்ளே அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. இன்னும் வடிக்கவில்லை. கழுவிக் கவிழ்த்த தட்டுகள் ஈரம் காய்ந்து அப்படியே இருந்தன. நான் பார்த்ததை அவரும் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. டப்பாவை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, "பொங்கப் போவுது" என்று அடுப்பைத் தணிக்க எழுந்து போனார்.

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். டவுன் வரும்வரை சூடு இருந்தது. வீட்டுக்கு வந்து குழம்பைக் கொட்டினேன். பெயர் வெட்டிய புள்ளிகளுக்குள் எண்ணெய் இறங்கியிருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்து, துடைத்து, அம்மாவின் பாத்திரங்களுக்கு நடுவே மறுபடியும் வைத்திருக்கிறேன். வெறுமையாகத்தான் இருக்கிறது.